இன்னும் ஒரே ஒரு வாய்

தமிழ் இலக்கியத்தில் சாப்பிட மறுத்து ஓடும் குழந்தைகளில் மிகப் பழையவள் நற்றிணையின் 110ஆம் பாடலில் இருக்கிறாள். போதனார் பாடிய பாலைத்திணைப் பாடல் அது. தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில் இருக்கிறது. செவிலியர் ஒரு கையில் கிண்ணத்தையும் மறு கையில் நுனி மென்மையான சிறு கோலையும் வைத்துக்கொண்டு குடிக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள். அவள் கால் சிலம்பு ஒலிக்கத் தாவி ஓடுகிறாள். நரைத்த கூந்தல் கொண்ட அந்த முதிய பெண்கள் துரத்த முடியாமல் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். அவளோ வாசல் பந்தலுக்கு ஓடிப் போய்விட்டாள். கடைசிவரை குடிக்கவில்லை.

இதைச் சொல்பவள் தாய். சொல்லும் நேரத்தில் அந்தச் சிறுமி வளர்ந்து, கணவன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடும்பம் வறுமைப்பட்டுவிட்டது. தந்தை வீட்டின் செழிப்பான சோற்றை அவள் நினைத்தும் பார்ப்பதில்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுதுதான் சாப்பிடுகிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றுக்கொண்டாளோ என்று தாய் வியக்கிறாள்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் நான். இந்தப் பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் படித்திருக்கிறேன். முதல் பாதிக்கு மாணவிகள் சிரிப்பார்கள். இரண்டாம் பாதிக்கு உரைநூல்கள் சொல்லும் பாராட்டைக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்: குலமகளின் பண்பு, பொறுமை, இல்லறத்தின் மாண்பு. ஒரு முறை பெருங்களத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "துரத்துன பாட்டிங்க சாப்பிட்டாங்களா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு மறுபடி சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி பாட்டைவிட்டுப் போகவே இல்லை. சாப்பாட்டு நேரத்துக் குழந்தையைப் பற்றி நம் மொழி சேர்த்து வைத்திருப்பவற்றை எல்லாம் அந்தக் கேள்வியோடு ஒரு முறை திரும்பப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அப்படிப் படித்ததன் விளைவு.

பார்க்கிறவரும் ஊட்டுகிறவரும்

புறநானூற்று 188ஆம் பாடலைப் பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசர். எவ்வளவு செல்வம் இருந்தாலும், எத்தனை பேருக்குச் சோறிட்டு உண்டாலும், குழந்தை இல்லாத வாழ்க்கை பயனற்றது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டும் காட்சி ஒரு சாப்பாட்டு நேரம். குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது. கையை நீட்டி நெய்ச்சோற்றைத் தரையில் போடுகிறது, தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் இதே காட்சி உண்டு. பிள்ளையின் சிறு கை அளைந்த கூழ் பெற்றவருக்கு அமிழ்தத்தைவிட இனிக்கும் என்கிறார் வள்ளுவர். அரசர் வீட்டில் நெய்ச்சோறு, குறளில் கூழ். அளைகிற கை ஒன்றேதான். அந்த அதிகாரத்துக்குப் பரிமேலழகர் கொண்ட பெயர் 'புதல்வரைப் பெறுதல்' என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டும் அழகானவை. குழந்தை தன் கையால் சோற்றை அளைவதை அழுக்கு என்று சொல்லாமல் இன்பம் என்று சொன்னவை. இன்றைக்குக் குழந்தை மருத்துவர்கள் "தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள், சிந்தினால் சிந்தட்டும்" என்று சொல்வதை இந்தப் பாடல்கள் எப்போதோ அறிந்திருந்தன. ஆனால் இரண்டும் பார்க்கிறவரின் பாடல்கள். நெய்ச்சோற்றை ஆக்கியவர் யார், பூசிக்கொண்ட பிள்ளையைக் கழுவியவர் யார், தரையைத் துடைத்தவர் யார் என்று அவற்றில் இல்லை. நற்றிணைப் பாட்டில்தான் கிண்ணம் பிடித்த கை வருகிறது, களைத்த கால்கள் வருகின்றன. குழந்தை சாப்பிட்டால் அது தந்தைக்கு இன்பம். சாப்பிடாவிட்டால் பெண்களுக்கு வேலை. சங்க காலத்திலேயே செய்துவிட்ட இந்தப் பங்கீடு சேலையூரிலும் செம்பாக்கத்திலும் இன்றும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முகமெல்லாம் தயிர்சாதம் பூசிக்கொண்டால் அப்பா போட்டோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புகிறார். மற்ற ஆறு நாள்களும் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறி இறங்குவது வேறொருவர்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். உண் என்பதன் பிறவினை ஊட்டு. உண்பது குழந்தையின் செயல், ஊட்டுவது இன்னொருவரின் செயல். "கொழந்தைக்கு ஊட்டிட்டியா?" என்று கேட்கிறோம், "கொழந்த சாப்டுச்சா?" என்று கேட்டாலும் பதில் அம்மாவிடம்தான் எதிர்பார்க்கப்படுகிறது. தாய்ப்பாலை நிறுத்துவதற்கு நம் சொல் 'பால் மறக்கடித்தல்'. மறப்பது குழந்தை, மறக்க வைப்பது தாய். மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளும் தந்திரமும் அவளுடையதே. இப்படி ஒவ்வொரு வினையிலும் எழுவாய் தாயாகிவிடுகிறாள். பிறகு வினை நடக்காதபோது குற்றமும் எழுவாயைத் தேடிக்கொண்டு வருகிறது.

நான்கு உபாயங்கள்

பெரியாழ்வார் யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு கண்ணனைப் பாலுண்ண அழைக்க ஒரு பதிகமே பாடியிருக்கிறார். இரவும் உண்ணாமல் தூங்கிய பிள்ளை உச்சிப்பொழுதாகியும் உண்ணவில்லையே என்ற கவலை அதன் தொடக்கத்திலேயே வருகிறது. ஆணின் பேனாவில் ஒரு தாயின் பதற்றம் இவ்வளவு துல்லியமாகப் பதிவானது பெரிய விஷயம். ஆனால் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாக நிலைபெற்றபோது காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று தொடரும் பத்துப் பருவங்களில் சோறூட்டுவதற்கு ஒரு பருவம் இல்லை. குழந்தை தலையாட்டுவது இருக்கிறது, கைதட்டுவது இருக்கிறது, தளர்நடை இருக்கிறது. நாளுக்கு நாலைந்து முறை நடக்கும் வேலைக்கு இடமில்லை.

அதற்கு மிக அருகில் வருவது அம்புலிப் பருவம். நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச்சொல்லிக் கூப்பிடுவது அது. நிலா வர மறுக்கும். சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயங்களாலும் நிலாவை வழிக்குக் கொண்டுவருவது புலவர்களின் வழக்கம். இரண்டுக்கும் ஒப்புமை சொல்லி நயமாக அழைப்பது, குழந்தையைவிட நீ குறைந்தவன் என்று வேற்றுமை காட்டுவது, வந்தால் நன்மை கிடைக்கும் என்பது, வராவிட்டால் கேடு வரும் என்பது.

மாலை நேரத்தில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வரும்போது இந்த நான்கையும் நான் காதால் கேட்கிறேன். "என் தங்கமில்ல, ஒரே ஒரு வாய்." இது சாமம். "பாரு, அந்தப் பாப்பா எப்படிச் சமத்தா சாப்புடுறா, உனக்குத்தான் ஒண்ணும் தெரியல." இது பேதம். "இத முழுங்கிட்டா போன் தரேன்." இது தானம். "சாப்டலன்னா பூச்சாண்டி புடிச்சிட்டுப் போயிடுவான்." இது தண்டம். நிலாவுக்காக வகுத்த போர்த்தந்திரம் முழுவதும் இப்போது இரண்டு வயதுக் குழந்தையின் மேல் பாய்கிறது. அதைப் பாய்ச்சும் அம்மாவோ பாட்டியோ அந்தப் போரை விரும்பித் தொடங்கவில்லை. தோற்றால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். "என்னம்மா, புள்ள இப்படி எளச்சிருக்கு? நீ ஒழுங்கா ஊட்டுறதில்லையா?" இதை மாமியார் கேட்பார், எதிர்வீட்டு அக்கா கேட்பார், கல்யாண மண்டபத்தில் பெயர் தெரியாத உறவினர் கேட்பார். குழந்தையின் கன்னம் இந்த ஊரில் அம்மாவின் ரேங்க் கார்டு.

அந்த நான்கு உபாயங்களும் சாப்பாட்டு விஷயத்தில் பலன் தருவதில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் தன் சகாக்களோடு 1984இல் வெளியிட்ட ஆய்வு தானத்தை நேரடியாகச் சோதித்தது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் பிறகு குறைந்துபோனது. லஞ்சம் கொடுத்துக் கொடுக்கப்படுவது நல்லதாக இருக்க முடியாது என்று குழந்தை கணக்குப் போட்டுவிடுகிறது. காய்க்குப் பதில் போன் என்றால், காய் தண்டனை, போன் வரம் என்றே அது படிக்கும்.

குழந்தைக்குத் தெரிந்த கணக்கு

ஒன்றரை வயதுக்குமேல் குழந்தை சாப்பாட்டைக் குறைப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. முதல் ஆண்டில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. மூன்று கிலோவில் பிறந்தது ஒன்பது கிலோவைத் தொடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்ததும் பசியும் குறைகிறது. அதே நேரத்தில் குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கிறது, கண்ணில் படும் எதையும் வாயில் போடக்கூடிய தூரத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. புதிய உணவைச் சந்தேகிக்கும் குணம் அப்போது தலைதூக்குகிறது. இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் அது உச்சத்தில் இருக்கும். ஒரு புதிய காயைப் பத்துப் பதினைந்து முறை வற்புறுத்தாமல் தட்டில் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் அதைச் சுவைக்கவே துணிகின்றன. நாம் மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் புடலங்காய் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

1920களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர், பால் மறந்த பதினைந்து குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். காய், பழம், தானியம், முட்டை, இறைச்சி, பால் என்று 34 எளிய உணவுகளிலிருந்து வேளைக்குச் சில கிண்ணங்கள் குழந்தையின் முன் வைக்கப்பட்டன. குழந்தை எதையாவது கைநீட்டிக் காட்டும்வரை செவிலியர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, மறுத்ததற்கு முகம் சுளிக்கக் கூடாது. ஒரு நாள் முட்டையாகவே தின்ற குழந்தை உண்டு, ஒரு வேளை ஒன்றும் தின்னாத குழந்தை உண்டு. ஆனால் மாதக்கணக்கில் கூட்டிப் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தன.

இந்த ஆய்வைச் சொல்லி "குழந்தைக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடு" என்பவர்கள் டேவிஸே அடிக்கோடிட்ட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த 34 கிண்ணங்களில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை. எதை வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எவ்வளவு என்று குழந்தை முடிவு செய்தது. 1980களில் எலின் சாட்டர் என்ற உணவியலாளர் இதையே தெளிவான பங்கீடாக எழுதினார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. 2003இல் உலக சுகாதார நிறுவனமும் பான் அமெரிக்க சுகாதார அமைப்பும் வெளியிட்ட வழிகாட்டிக் கொள்கைகளும் குழந்தையின் பசிக்குறிப்பைக் கவனித்து, பொறுமையாக, வற்புறுத்தாமல் ஊட்டச் சொல்கின்றன.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். எடை கூடாமல் நிற்கிற, அல்லது குறைகிற குழந்தை, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிற குழந்தை, வெளிறிப்போன குழந்தை, நாலைந்து உணவைத் தவிர மற்ற எதன் வாடையையும் பொறுக்காத குழந்தை ஆகியோருடையது அடம் அல்ல. அங்கே மருத்துவர் வேண்டும். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமும் இல்லை. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் பசி மந்தமாகும், பசி மந்தமானால் இரும்புச்சத்து இன்னும் குறையும். சோறு இறங்கவில்லையே என்று நாளெல்லாம் டம்ளர் டம்ளராகப் பால் கொடுத்தால் வயிறு நிறையும், இரும்பு கிடைக்காது. அடம் என்ற ஒரே சொல்லுக்குள் இவை எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவதுதான் ஆபத்து.

அச்சத்தின் சந்தை

அம்மாவின் அச்சம் சும்மா விடப்படுவதில்லை. மாந்தம், திருஷ்டி, குடல் ஏற்றம் என்று தெருவில் ஒரு விளக்கம் கிடைக்கும். உரைமருந்துக் கல்லைத் தேய்க்கும் பாட்டியிடம் ஓரளவு ஆறுதலும் கிடைக்கும். அவர் கேட்பது ஒரு வெற்றிலைபாக்குத்தான். டப்பாக்காரர்கள் கேட்பது அதிகம்.

குழந்தைப்பால் மாற்று உணவுகள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுவரையிலான குழந்தைகளின் பால் மாற்றுகளுக்கும் உணவுகளுக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. உலகமே மதிக்கும் சட்டம் அது. ஆனால் அந்த வேலி இரண்டு வயதில் முடிகிறது. குழந்தை புதிய உணவை மறுக்கத் தொடங்கும் வயதும் அதுவே. வேலி முடிந்த இடத்தில் கடை விரித்து உட்கார்ந்திருக்கின்றன மாவு பானங்கள்: உயரம் கூடும், எடை கூடும், மூளை வளரும். விளம்பரத்தில் வருகிற அம்மா முதலில் கவலையோடு இருப்பாள், கடைசியில் சிரிப்பாள். தட்டில் மிச்சம் வைத்த பிள்ளைக்கும் சிரிக்கிற அம்மாவுக்கும் இடையில் ஒரு டப்பா. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். பல பத்தாண்டுகளாக நம் சமையலறை அலமாரியில் இருந்த ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொறுமைக்கு நேரம் யார் தருவது?

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அம்மாக்கள் ஏன் இன்னும் கிண்ணத்தோடு ஓடுகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆலோசனை நூல்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவை 'பெற்றோர்' என்று எழுதும். தாம்பரத்துக்கு வந்து சேரும்போது அந்தச் சொல் 'அம்மா' என்று மாறியிருக்கும். வற்புறுத்தாதே, அவசரப்படாதே, சிந்தட்டும், முகம் சுளிக்காதே, பத்து முறை சமைத்து வை, பத்து முறை தள்ளினாலும் புன்னகை செய். பழைய உபதேசம் ஊட்டுவதை மட்டும் அவளிடம் கேட்டது. புதிய உபதேசம் ஊட்டாமல் இருக்கும் நிதானத்தையும் சேர்த்துக் கேட்கிறது.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், நம் பேச்சில் மெப்ஸ், ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பில் நடக்கிறது. காலை ஷிஃப்ட்டுக்குப் போகிற அம்மாவிடம் குழந்தைக்கென்று இருப்பது ஏழு மணிக்கு முந்திய இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் இரண்டு இட்லி உள்ளே போனால்தான் அவளால் அமைதியாக வேலை பார்க்க முடியும். அவளிடம் போய்க் குழந்தையின் பசிக்குறிப்பைக் காத்திருந்து கவனி என்பது, கடிகாரத்தை நிறுத்து என்பதற்குச் சமம். ஓஎம்ஆர் அலுவலகத்துக்குப் போகும் பெண்ணுக்குப் பதிலாக வீட்டில் இருப்பவர் ஊரிலிருந்து பேரப்பிள்ளைக்காகவே வரவழைக்கப்பட்ட பாட்டி. முழங்கால் வலியோடு அடுக்குமாடி வராந்தாவில் கிண்ணம் ஏந்தி நடக்கிற அவரைப் பார்க்கும்போது போதனாரின் செவிலியர் எனக்கு நினைவு வருவார்கள். அவருக்கும் சம்பளம் கிடையாது. அவர் கடைசியில், பிள்ளை வைத்த மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அதையே தன் சாப்பாடு என்று கணக்கு வைத்துக்கொள்வார்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்தப் பொறுமையின் கணக்கைக் காட்டுகிறது. வீட்டுவேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருப்போரைப் பராமரிப்பதற்குப் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. அந்த ஆண்களின் கணக்கில்கூட அவ்வேலையைத் தொட்டவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தொடாதவர்கள் கணக்கிலேயே இல்லை.

ஆகவே குழந்தையின் சாப்பாடு தனி அம்மாவின் திறமைப் பிரச்சினை அல்ல. நேரப் பிரச்சினை, துணைப் பிரச்சினை. அதற்கு விடை தேடிய பொது அமைப்பு ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சேர்ந்து தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளைத் தாங்குகின்றன. வீட்டில் ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம் எடுக்கும் குழந்தை அங்கன்வாடியில் வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிறது என்று அம்மாக்கள் ஆச்சரியத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் மாயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒரு காயைத் தின்பதைச் சில நாள் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதை லீன் பர்ச் 1980இலேயே காட்டியிருக்கிறார். அங்கே யாரும் ஒரே குழந்தையின் வாயை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை.

அங்கே பரிமாறுகிறவர்களும் பெண்கள்தான். முட்டை வேகவைத்து, எடை பார்த்து, பதிவேடு எழுதுகிற அந்த ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. ஊட்டுவது வீட்டில் நடந்தால் பாசம், வெளியே நடந்தால் சேவை. இரண்டு இடத்திலும் வேலை என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டமும் தாய் போய்வரலாம் என்றுதான் சொன்னது. தந்தைக்கு அந்த நான்கு நடை தரப்படவில்லை.

அவளுடைய முதல் 'வேண்டாம்'

மறுபடியும் நற்றிணைச் சிறுமியிடம் வருகிறேன். உரைகள் அவளுடைய இரண்டு பாதிகளையும் எதிரெதிராகப் படிக்கின்றன. அன்று விளையாட்டுப் பிள்ளை, இன்று அறிவுள்ள பெண். எனக்கு அவை ஒரே கதையாகப் படுகின்றன. குழந்தையாக இருந்தபோது அவள் பசியில்லை என்று சொன்னாள்; கோல் ஓங்கப்பட்டது. பெண்ணானபோது பசிக்கிறது என்று சொல்லவில்லை, புகழப்பட்டாள். இரண்டு வேளையிலும் அவள் வயிறு சொன்னதை யாரும் கேட்கவில்லை.

நம் தெருக்களில் இது இன்னும் நடக்கிறது. இரண்டு வயதில் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று துரத்தப்பட்ட பெண் குழந்தை, பதின்மூன்று வயதில் "போதும், குண்டாயிடுவ" என்று நிறுத்தப்படுகிறாள். இருபத்தைந்தில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருகிறாள். தன் பசி எப்போது தொடங்குகிறது, எப்போது நிறைகிறது என்பதைத் தானே அறிந்து சொல்லும் வாய்ப்பு அவளுக்கு எந்த வயதிலும் கிடைப்பதில்லை. என் வகுப்பில் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் மின்சார ரயிலில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கைகள் உயர்கின்றன. ஏன் என்று கேட்டால், "பழகிடுச்சு மேடம்."

வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பும் குழந்தை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியம் அந்த 'வேண்டாம்'. அன்புள்ள கை என்பதாலேயே அதை மீறி உள்ளே போகலாம் என்று அங்கே கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடம் நடத்துகிறோம். ஊட்டுவதையும் அத்துமீறலையும் சமப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தன் உடம்பு தன்னுடையது என்ற உணர்வு ஒரு குழந்தைக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்த்தால், அது சோற்றுத்தட்டிலிருந்து தொடங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு என்ன செய்யலாம் என்று என் மாணவிகள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தரையில் ஒன்றாக உட்காருங்கள். குழந்தைக்கும் ஒரு தட்டு வையுங்கள், நீங்கள் தின்பதையே காரம் குறைத்து வையுங்கள், கொஞ்சமாக வையுங்கள். அது கேட்டால் இன்னும் வையுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட் டப்பா மூடியே இருக்கட்டும். போனும் பூச்சாண்டியும் பந்தியில் வேண்டாம். சிந்தியதை அப்பா துடைக்கட்டும். அந்த வேளையில் அம்மாவும் பாட்டியும் தங்கள் தட்டில் இருப்பதைச் சூடாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.